கூவம்: பத்தாண்டுக் கணக்கு

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022 இறுதியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாடு முழுக்க 311 ஆற்றுப் பகுதிகள் மாசுபட்டவை என்று அடையாளம் கண்டு, எங்கே நீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொன்ன அறிக்கை. ஆவடியிலிருந்து சத்யா நகர் வரையிலான கூவம் அதில் எல்லாவற்றையும் விட மோசமாக இருந்தது. பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை அங்கே லிட்டருக்கு 345 மில்லிகிராம். குளிக்கத் தகுந்த நீரில் இது 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 30ஐத் தாண்டினாலே மிக மோசமான முதல் வகையில் சேர்த்துவிடுவார்கள். வீட்டிலிருந்து நேராக வரும், துளியும் சுத்திகரிக்காத சாக்கடையில் இந்த அளவு பொதுவாக 200 முதல் 350 வரை இருக்கும். அப்படியானால் கூவத்தில் ஓடுவது சாக்கடை கலந்த ஆற்று நீர் என்று சொல்வதுகூட உபசார வார்த்தைதான்.

345 என்பது பதிவான அதிகபட்ச அளவு. எல்லா நாளும், எல்லா இடத்திலும் அப்படி இருந்ததாகப் பொருளில்லை. ஆனால் அந்த அறிக்கைக்கான மாதிரிகள் 2019, 2021 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஒருங்கிணைந்த கூவம் சீரமைப்புத் திட்டத்துக்குத் தமிழக அரசு ஒப்புதல் கொடுத்தது 2015இல். ஒதுக்கீடு ரூ.604.77 கோடி. பருத்திப்பட்டு அணைக்கட்டிலிருந்து நேப்பியர் பாலத்தருகே கடலில் கலக்கும் முகத்துவாரம் வரை, சுமார் 32 கிலோமீட்டர். பொறுப்பு சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையிடம். நீர்வளத் துறை, மாநகராட்சி, குடிநீர் வாரியம், குடிசை மாற்று வாரியம் எல்லாம் அதன் கீழ் ஆளுக்கொரு பங்கு வேலையை எடுத்துக்கொண்டன. திட்டம் தொடங்கி நான்கு, ஆறு ஆண்டுகள் கழித்து எடுத்த மாதிரியில் நாட்டிலேயே கடைசி இடம் என்றால், திட்டத்தின் பலன் என்ன என்று கேட்காமல் இருக்க முடியாது.

கேள்வியைக் கேட்டவுடன் அதிகாரிகள் தரப்பிலிருந்து வரும் பதில் பொய்யில்லை. கரையில் இத்தனை கிலோமீட்டர் வேலி போட்டோம், இத்தனை டன் குப்பை அள்ளினோம், தூர்வாரினோம், மரக்கன்று நட்டோம், இத்தனை குடும்பங்களை மாற்றினோம் என்பார்கள். எல்லாம் நடந்ததுதான். இந்தப் பதிலில் தண்ணீர் எங்கே என்பதுதான் என் கேள்வி. எண்ணுவதற்கு எளிதானவற்றை எண்ணி, எண்ண வேண்டியதை விட்டுவிட்ட திட்டம் இது. இதன் வெற்றியும் தோல்வியும் இந்தப் பழக்கத்திலிருந்தே வருகின்றன.

நான்காவது முறை

கூவத்தைச் சுத்தம் செய்வது சென்னைக்குப் புதிதில்லை. அண்ணா முதல்வராக இருந்த 1967இலேயே ஒரு திட்டம் தொடங்கியது. அப்போது பொதுப்பணித் துறை கருணாநிதியிடம் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் கரை கட்டி, துறைகள் அமைத்து, ஆற்றில் படகும் விட்டார்கள். படகுகள் சீக்கிரமே நின்றன, சாக்கடை நிற்கவில்லை. 2000த்தை ஒட்டி மத்திய அரசு உதவியுடன் சென்னை நகர ஆறுகள் பாதுகாப்புத் திட்டம் வந்தது. ரூ.490 கோடிக்கு மேல் ஒதுக்கிக் கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் கட்டினார்கள். 2009-10 வாக்கில் சிங்கப்பூரைப் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி செய்வோம் என்றார்கள். பிறகு 2015.

இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது 2000 திட்டம்தான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதாவது மண்ணுக்கடியில், பணத்தின் பெரும்பகுதியைப் போட்டது அதுதான். அதுவும் முழுப் பலன் தரவில்லை. காரணம் எளிது. பழைய மாநகராட்சி எல்லைக்குள் குழாய் போட்டுக்கொண்டிருந்தபோது, எல்லைக்கு வெளியே அம்பத்தூரும் மதுரவாயலும் வளசரவாக்கமும் வளர்ந்துகொண்டே இருந்தன. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. எல்லைக் கோட்டை அரசாணை ஒன்றால் நகர்த்திவிடலாம். பாதாளச் சாக்கடையைத் தெருத் தெருவாகத் தோண்டித்தான் போட வேண்டும். இன்னும் மேலே ஆவடி, திருவேற்காடு எல்லாம் தனித்தனி உள்ளாட்சிகள். கூவம் இவர்கள் எல்லாரையும் கடந்துதான் அமைந்தகரைக்கும் சேத்துப்பட்டுக்கும் வருகிறது.

2019 பிப்ரவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் மூன்றையும் சுத்தப்படுத்தத் தவறியதற்காகத் தமிழக அரசுக்கு ரூ.100 கோடி அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. அத்தோடு ஊரும் அதை மறந்துவிட்டது.

வடிகால் வாயில் ஒரு சோதனை

சித்திரை, வைகாசியில், ஊரில் இரண்டு மாதமாக ஒரு தூறல்கூட இல்லாத நாளில், கூவத்தின் ஏதாவது ஒரு பாலத்தில் நின்று கரைச்சுவரைப் பாருங்கள். வரிசையாக வட்டமும் சதுரமுமாக வாய்கள் தெரியும். அவை மழைநீர் வடிகால்களின் முடிவுகள். மழையில்லாத நாளில் அவை உலர்ந்து கிடக்க வேண்டும். ஆனால் பலவற்றிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு விரற்கடை கனத்துக்கோ, ஒரு குடத்தைச் சாய்த்த மாதிரியோ நீர் விழுந்துகொண்டிருக்கும். விழும் இடத்தில் நுரை. சற்றுத் தள்ளிக் கறுத்த நீரில் அடியிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பும். அடிச்சேற்றில் மக்கும் கழிவிலிருந்து வரும் வாயு அது. அதற்கு நேர் மேலே, கரையில், புது வேலியும் வரிசை பிசகாமல் நட்ட புங்கனும் பூவரசும் நன்றாகவே இருக்கும்.

சென்னையின் ஏற்பாட்டின்படி மழைநீருக்குத் தனி வழி, சாக்கடைக்குத் தனிக் குழாய். மழைநீர் வடிகால் மாநகராட்சியின் சொத்து. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தின் சொத்து. சாக்கடைக் குழாய் இல்லாத தெருவிலும், குழாய் இருந்து அடைத்துக்கொண்ட தெருவிலும், வீடுகளும் ஓட்டல்களும் அடுக்குமாடிகளும் கழிவை மழைநீர் வடிகாலில் திருப்பிவிடுகின்றன. சில இடங்களில் கழிவுநீரேற்று நிலையத்தில் பம்பு நின்றால் வாரியத்தின் கழிவும் அதே வழியில் ஆற்றுக்குப் போய்விடும். இதோடு இரவில் வந்து கொட்டிவிட்டுப் போகும் கழிவுநீர் லாரிகள். ஆற்றைக் கெடுப்பது யார் என்ற கேள்விக்கு விடை இந்த வாய்களுக்குப் பின்னால், கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, நல்ல தெருக்களில் இருக்கிறது.

கரையோரக் குடிசைகள் மேல் விழும் பழியைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். திட்டத்துக்காக அகற்ற அடையாளம் காணப்பட்ட குடும்பங்கள் 14,000க்கு மேல். குடும்பத்துக்கு ஐந்து பேர் என்று வைத்தால் 70,000 பேர். லாரித் தண்ணீரையும் அடிபம்பையும் நம்பியிருக்கும் ஆள் ஒரு நாளைக்கு ஐம்பது லிட்டர் செலவழிப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அவ்வளவும் ஆற்றில் விழுந்தாலும் நாளொன்றுக்கு 35 லட்சம் லிட்டர். கூவத்தை ஒட்டியிருக்கும் கோயம்பேடு சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு மட்டும் நாளொன்றுக்கு 21 கோடி லிட்டருக்கு மேல். இது என் தோராயக் கணக்குத்தான். இரண்டு மடங்காக்கினாலும் மூன்று மடங்காக்கினாலும், ஊரின் சாக்கடையில் குடிசைகளின் பங்கு மிகச் சிறியது என்ற முடிவு மாறாது. ஆனால் திட்டத்தின் வேகமான பகுதி எது என்று பார்த்தால், அது குடிசை அகற்றம்தான்.

ஆற்றுக்குத் தண்ணீர் வேண்டும்

வடிகால் வாய்களையெல்லாம் அடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போது கூவத்தில் என்ன ஓடும்? இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

கூவம் திருவள்ளூர் மாவட்டத்தில் அதே பெயருள்ள கிராமத்து ஏரியின் உபரி நீரில் பிறக்கிறது. ஞானசம்பந்தர் பாடிய திருவிற்கோலம் அந்த ஊர்தான். கேசவரம் அணைக்கட்டில் பிரிந்துவரும் வெள்ள நீரும் அதில் சேரும். ஆனால் அங்கே நீரின் பெரும்பகுதியைக் கொசஸ்தலையாற்றின் வழியாகப் பூண்டிக்கு அனுப்பிவிடுகிறோம். சற்றுக் கீழே ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் மறித்து, பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கத்துக்குத் திருப்புகிறோம். இரண்டும் சென்னைக்குக் குடிநீர். ஆற்று நீரை மேலேயே குடித்துவிட்டு, குடித்து முடித்ததைக் கீழே ஆற்றில் விடுகிறது இந்த ஊர். மழைக்காலம் போனபின் நகருக்குள் கூவத்தில் ஓடுவது ஏறத்தாழ முழுக்கக் கழிவுநீர்தான். அதையும் நிறுத்தினால் வறண்ட மணல் மிஞ்சும்.

இதற்குத் தீர்வு சுத்திகரித்த நீரை ஆற்றில் விடுவது. கோயம்பேட்டில் 2019இல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் மேலும் சுத்திகரிக்கும் நிலையம் திறந்தார்கள். அந்த நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் போகிறது. ஆலைகள் ஏரி நீரைக் கேட்காமல் இருப்பது நல்லதே. ஆனால் ஆற்றுக்கென்று ஒரு பங்கு எழுதி வைக்காமல், கிடைத்ததையெல்லாம் விலைக்குக் கொடுத்துவிட்டால், சீரமைத்த ஆறு என்பது சீரமைத்த பள்ளமாகத்தான் இருக்கும். ரூ.604 கோடித் திட்டத்தில் வேலிக்கும் நடைபாதைக்கும் இடம் இருந்தது. ஆற்றுக்குக் கோடையில் குறைந்தபட்சம் இவ்வளவு நீர் ஓட வேண்டும் என்ற உத்தரவாதத்துக்கு இடமில்லை.

முகத்துவாரக் கதை வேறு. துறைமுகம் கட்டியதிலிருந்து தெற்கேயிருந்து வரும் கடல்மணல் அங்கேயே தேங்குகிறது. மெரினா விரிந்தது அதனால்தான். கூவத்தின் வாய் அடைவதும் அதனால்தான். தடுப்புச் சுவர், தூர்வாரல் என்று வருடா வருடம் நடக்கும் வேலை அது, நடந்துகொண்டேதான் இருக்கும். அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

பெரும்பாக்கத்துக்குப் போனவர்கள்

திட்டம் முழு வேகத்தில் செய்து முடித்த வேலைக்கு வருவோம். அடையாளம் கண்ட 14,000 சொச்சம் குடும்பங்களில் பெரும்பாலானோர் மாற்றப்பட்டுவிட்டார்கள். பெரும்பாலும் பெரும்பாக்கத்துக்கு, எட்டு மாடிக் குடியிருப்புகள். எழும்பூர், சிந்தாதிரிப்பேட்டை, ஆயிரம் விளக்கு போன்ற இடங்களிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். இடம் மாற ரூ.5,000, வாழ்வாதாரத்துக்கு மாதம் ரூ.2,500 வீதம் ஓராண்டு.

வீடு கிடைத்தது பெரிய விஷயம் என்று சொல்பவர்களை நான் மறுக்கவில்லை. கான்கிரீட் கூரை, தனிக் கழிப்பறை, பெண்ணின் பெயரில் ஒதுக்கீடு. ஆற்றங்கரையில் மழைக்குப் பயந்து விழித்திருந்தவர்களுக்கு இவற்றின் அருமை தெரியும். ஆனால் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுத்துப் பிழைத்த பெண்ணைப் போன்ற ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு வேலை விடியுமுன் தொடங்குகிறது. முன்பு நடந்து போனார். இப்போது முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் மார்க்கெட்டின் நல்ல நேரம் போய்விடும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது உண்மையிலேயே பெரிய உதவி. காசு மிச்சமாயிற்று, நேரம் மிச்சமாகவில்லை. போக வர மூன்று நான்கு மணி நேரம். குழந்தை பள்ளியிலிருந்து வரும்போது வீட்டில் ஆளில்லை. எட்டாவது மாடியில் லிஃப்ட் நின்றால் பாட்டி கீழே இறங்குவதில்லை.

கூவம் கரையிலிருந்த சத்தியவாணிமுத்து நகரைக் காலி செய்தது 2019 டிசம்பர் கடைசியில். கல்வியாண்டின் நடுவில், தேர்வுகள் நெருங்கும்போது. ஆண்டில் பன்னிரண்டு மாதம் இருக்க, பள்ளி விடுமுறையான மே மாதத்துக்கு அதைத் தள்ளிவைக்க முடியாத அளவுக்கு ஆறு அப்படி என்ன அவசரப்பட்டது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இன்னொன்று. வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றத்தான் கரையோர மக்களை மாற்றுகிறோம் என்பது அரசின் முதல் நியாயம். பெரும்பாக்கமும் பக்கத்திலுள்ள செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியவை. 2015லும் அதற்குப் பின்னும் பெருமழையில் அந்தப் பகுதி வெள்ளத்தில் தத்தளித்ததை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆற்று வெள்ளத்திலிருந்து எடுத்துச் சதுப்பு வெள்ளத்தில் விட்டதை மறுவாழ்வு என்ற கணக்கில் எழுத முடியுமா?

எல்லாரையும் அவ்வளவு தூரம் அனுப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021இல் அரும்பாக்கத்துக் கரையிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்குப் புளியந்தோப்பில் வீடு கிடைத்தது. நகருக்குள்ளேயே இடம் கொடுக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த அடுக்குமாடியில் கையால் சுரண்டினால் பூச்சு உதிர்ந்த கதை அதே ஆண்டில் சட்டமன்றம் வரை போனது வேறு விஷயம். அதே ஆண்டு குடிசை மாற்று வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றி, மறுகுடியமர்வுக்கு ஒரு வரைவுக் கொள்கையும் வெளியிட்டார்கள். 1970இல் வாரியம் தொடங்கியபோது, இருக்கும் இடத்திலேயே வீடு கட்டிக் கொடுப்பது என்பதுதான் அதன் முதல் எண்ணம். ஐம்பது ஆண்டு சுற்றி அந்த எண்ணத்துக்கே வந்து நிற்கிறோம், கரையோரக் குடும்பங்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த பிறகு.

தூண்களும் குடிசைகளும்

ஆற்றோட்டத்துக்குத் தடை என்பது குடிசைகளை அகற்றச் சொன்ன இரண்டாவது நியாயம். துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கூவத்தின் ஓரத்திலும் உள்ளேயும் தூண்கள் எழுந்தன. அவை ஆற்றோட்டத்தைத் தடுக்கின்றன என்று 2012இல் ஜெயலலிதா அரசு வேலையை நிறுத்தியது. பத்தாண்டு அந்தத் தூண்கள் அப்படியே நின்றன. 2022 மே மாதம் அதே வழியில், இந்த முறை ஈரடுக்குச் சாலைக்கு, பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். சுமார் 20 கிலோமீட்டர், ரூ.5,800 கோடிக்கு மேல். ஆற்றுச் சீரமைப்புக்கு ஒதுக்கியதைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல் செலவில், அதே ஆற்றின் மேல் ஒரு சாலை.

துறைமுகத்துக்குச் சரக்குச் சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஓட்டத்துக்குத் தடை என்ற ஒரே அளவுகோல், ஓலைக் குடிசைக்கு ஒரு நீளமும் கான்கிரீட் தூணுக்கு ஒரு நீளமும் காட்டினால், அது அளவுகோலே இல்லை.

சபர்மதியும் சிங்கப்பூரும்

கூவத்துக்கு எடுத்துக்காட்டு சொல்பவர்கள் இரண்டு ஊர்களைக் காட்டுவார்கள். ஒன்று அகமதாபாத். சபர்மதி ஆற்றங்கரையில் பதினோரு கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை, பூங்கா, 2012இல் திறந்தார்கள். அங்கும் ஆயிரக்கணக்கான கரையோரக் குடும்பங்கள் நகரின் விளிம்புக்குப் போயின. நடைபாதையை ஒட்டி நிறைந்து நிற்கும் நீர், நர்மதைக் கால்வாயிலிருந்து விட்டு வாசணா தடுப்பணையில் தேக்கியது. தொடக்கத்தில் சொன்ன அதே 2022 அறிக்கையில் கூவத்துக்கு அடுத்த இடம் சபர்மதிக்கு, பி.ஓ.டி. 292. அணைக்கு மேலே படகுச் சவாரி, அணைக்குக் கீழே சாக்கடை. கரையை அழகாக்கினால் ஆறு சுத்தமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஓர் எண்ணைப் பார்த்தால் போதும்.

சிங்கப்பூர் வேறு மாதிரி. 1977இல் லீ குவான் யூ பத்தாண்டு கெடு வைத்தார். 1987இல் வேலை முடிந்தது. பன்றி, வாத்துப் பண்ணைகளை மூடினார்கள். தெருவோரக் கடைகளை உணவங்காடிகளுக்கு மாற்றினார்கள். சரக்கு ஏற்றி இறக்கிய தொங்கான் படகுகளை 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். குடிசைவாசிகளும் இடம் மாறினார்கள், தொழில் இழந்தவர்களும் உண்டு. ஆனால் பண்ணைக் கழிவிலிருந்து தெருக்கடைக் கழிவு வரை, அழுக்கு எங்கே பிறக்கிறதோ அங்கே போய் அடைத்தார்கள். சாக்கடைக் குழாயும் உடன் வந்தது. நம் ஆட்கள் சிங்கப்பூரில் பார்த்தது படகையும் விளக்கையும். மண்ணுக்கடியில் இருந்ததைப் பார்த்தார்களா என்பது சந்தேகம்.

தீர்ப்பு

மொத்தத்தில் இந்தத் திட்டத்தைத் தோல்வி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. மிதவைத் தடுப்புகள் பிளாஸ்டிக்கை நிறுத்துகின்றன. கரையில் கட்டட இடிபாடு கொட்டுவது குறைந்திருக்கிறது. தூர்வாரிய பகுதிகளில் வெள்ளம் வடிய இடம் கூடியிருக்கிறது. பூங்காக்களில் மாலையில் ஆட்கள் நடக்கிறார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டாவது. கரைத் திட்டம் என்றால் பாதிக்கு மேல் தேர்ச்சி. ஆற்றுத் திட்டம் என்றால் தேறவில்லை. மறுகுடியமர்வுத் திட்டமாகப் பார்த்தால், மிகக் குறைவாக அழுக்குச் சேர்த்தவர்களிடம் மிக அதிகமாக விலை வாங்கியிருக்கிறது.

தமிழக அரசு இப்போது அடையாற்றின் பக்கம் திரும்பியிருக்கிறது. 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவித்த தொகை சுமார் ரூ.1,500 கோடி. அதில் ஒரு ரூபாய் செலவழியுமுன் கூவத்தின் கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும். ஒவ்வொரு பாலத்தருகிலும் நீரின் தரத்தை மாதந்தோறும் அளந்து அங்கேயே பலகையில் எழுதட்டும். மொத்தம் எத்தனை வடிகால் வாய்களில் சாக்கடை விழுகிறது, எத்தனையை அடைத்தார்கள், எத்தனை திரும்பத் திறந்துகொண்டன என்று தெரு வாரியாக வெளியிடட்டும். சுத்திகரித்த நீரில் ஆற்றின் பங்கு எவ்வளவு என்று அரசாணை போடட்டும். இவை முடியும்வரை கரையிலிருந்து இன்னொரு குடும்பத்தையும் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பக் கூடாது.